புரட்டாசியில் இத்தாலிய உணவகத்துக்குக் குழுவாகப் போகிறவர்கள் கவனிக்க

தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வடக்கே, உம்ஷ்லாங்காவில் ஓர் இத்தாலிய உணவகம். அலுவலகத்தில் ஒன்றாக வேலை செய்யும் 12 பேர். பெரிய தட்டுகளை நடுவில் வைத்து எல்லாரும் எடுத்துப் போட்டுக்கொள்ளும் ‘ஃபேமிலி ஸ்டைல்’ விருந்து. தொலைபேசியில் சொன்ன விலை தலைக்கு 350 ராண்ட். வெளியே வரும்போது தலைக்கு 545 ராண்ட் போயிருந்தது. விரதம் இருந்த ஐந்து பேருக்குச் சைவம் என்று பரிமாறியதும் சைவமில்லை.

பணம் போன வழி இது. 12 பேருக்கு 4,200. உட்கார்ந்ததும் யாரும் கேட்காமலே பூண்டு ரொட்டி நான்கு தட்டு வந்தது, தட்டு 65 ராண்ட். பாட்டில் தண்ணீர் ஆறு, ஒன்று 40. ஆக 4,700. பெரிய மேசை என்று 10% சேவைக் கட்டணம் 470. மெனுவின் அடியில் அதை அச்சிட்டிருந்தார்கள், இங்கே பல இடங்களில் உள்ள வழக்கம்தான். பில்லில் அதற்கு அடுத்து இருந்ததுதான் அநியாயம்: அதுவரையான கூட்டுத்தொகையின் மேல் 15% வாட் (மதிப்புக் கூட்டு வரி), 775.50. தென்னாப்பிரிக்காவில் கடைக்காரர் சொல்லும் விலைக்குள்ளேயே வாட் அடங்கியிருக்க வேண்டும். 1991ஆம் ஆண்டின் சட்டம் அது. உள்ளே எவ்வளவு வரி இருக்கிறது என்று பார்க்க 15ஆல் பெருக்கி 115ஆல் வகுக்க வேண்டும். 4,700க்குள் 613.04 ராண்ட் வரி ஏற்கெனவே இருந்தது. அதற்கு மேலும் ஒருமுறை வாங்கிவிட்டார்கள். பில்லின் அடியில் வாட் தொகை தனியாகக் காட்டப்படுவது தவறில்லை. அதைக் கூட்டி மொத்தத்தை ஏற்றினால்தான் தவறு. கடைசியில் அட்டை இயந்திரம் டிப்ஸ் கேட்க, சாப்பிட்டவர்கள் சேவைக் கட்டணம் ஏறியிருப்பதைப் பார்க்காமல் இன்னொரு 10% அழுத்தினார்கள். மொத்தம் 6,540.05.

பணமாவது கேட்டு வாங்கலாம். விரதம் கெட்டதை யாரிடம் கேட்பது? சமையற்கட்டில் ‘வெஜிட்டேரியன்’ என்றால் தட்டில் இறைச்சித் துண்டு இல்லை என்பதோடு பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. பார்மிஜானோ ரெஜ்ஜானோ, கிரானா படானோ இரண்டுமே கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னட்டால் பாலைத் திரித்துச் செய்யும் சீஸ்கள். பெஸ்டோ என்ற பச்சைத் துவையலில் இந்தச் சீஸ் அரைபட்டுக் கலந்திருக்கும், கண்ணுக்குத் தெரியாது. கத்தரிக்காய் பார்மிஜானாவிலும் உண்டு. மினெஸ்ட்ரோனே காய்கறி சூப்தான். ஆனால் பல இடங்களில் மாட்டெலும்புச் சாற்றிலோ பன்றிக் கொழுப்பு வதக்கியோ கொதிக்க வைப்பார்கள். சீசர் சாலட் டிரெஸ்ஸிங்கில் நெத்திலி மீன். பன்னா கோட்டா என்ற பாலாடை இனிப்பை உறைய வைப்பது விலங்குகளின் தோல், எலும்பிலிருந்து எடுக்கும் ஜெலட்டின். முட்டையும் தொடாதவர்கள் புதிதாகப் பிசைந்த பாஸ்டாவையும் திராமிசு என்ற இனிப்பையும் ஒதுக்கிவிட வேண்டும். ரவை கோதுமையில் செய்து காயவைத்த பாஸ்டாவில் வழக்கமாக முட்டை இருக்காது. தக்காளி, பூண்டு, மிளகாய், ஆலிவ் எண்ணெய் மட்டும் சேரும் அர்ராபியாட்டா பாஸ்டாவை, மேலே சீஸ் தூவாமல் கேட்டால் நம்பிச் சாப்பிடலாம். சீஸ் இல்லாத மரினாரா பீட்சாவும் அப்படியே. பெஸ்டோ எடுத்த கரண்டியையே அர்ராபியாட்டாவிலும் விட்டுவிடுவார்கள், ஆகவே விரதக்காரர்களின் தட்டுகளை மேசையின் ஒரு முனையில், தனிக் கரண்டியோடு வைக்கச் சொல்லுங்கள்.

அளவிலும் ஏமாற்று இருந்தது. ஓர் ஆளுக்கு 80 முதல் 100 கிராம் காய்ந்த பாஸ்டா என்பது இத்தாலிய வழக்கம். வெந்தால் இரண்டு மடங்குக்குச் சற்று மேல் எடை வரும். வேறு பதார்த்தங்களும் இருப்பதால் தலைக்கு 60 கிராம் என்று குறைத்தாலும், நாலு பேர் தட்டுக்கு 240 கிராம் வேக வைத்திருக்க வேண்டும். வந்தது இரண்டு பேருக்குத்தான் போதும். அகலத் தட்டில் பரப்பி, மேலே ராக்கெட் கீரையைக் குவித்தால் நிறைந்த மாதிரி தெரியும். எல்லாரும் ஒரே நேரத்தில் எடுப்பதால் குறைந்தது யாருக்கென்றும் பிடிபடாது.

முன்பதிவை வாட்ஸ்அப்பிலோ மின்னஞ்சலிலோ செய்யுங்கள், பேச்சில் விடாதீர்கள். தலைக்கு எவ்வளவு, வாட் சேர்த்தா, சேவைக் கட்டணம் உண்டா, ரொட்டியும் தண்ணீரும் அதில் அடங்குமா, ஒரு தட்டுக்கு எத்தனை கிராம் பாஸ்டா, எந்தச் சீஸ், எந்தச் சாறு என்று கேட்டுப் பதில் வாங்கி வையுங்கள். கேட்காத ரொட்டி வந்தால் தொடுவதற்கு முன்பே திருப்பி அனுப்புங்கள். வாட் பதிவு எண் பத்து இலக்கம், 4இல் தொடங்கும். பில்லில் அது இல்லாமல் வாட் போட்டிருந்தாலோ, வாட்டை மொத்தத்தின் மேல் கூட்டியிருந்தாலோ, மேலாளரைக் கூப்பிட்டு, அட்டையைத் தருவதற்கு முன்பே அந்தத் தொகையை நீக்கச் சொல்லுங்கள். மறுத்தால் பில்லையும் மெனுவையும் படமெடுத்து, முதலில் உணவகத்துக்கே எழுத்தில் முறையிடுங்கள். பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் ஆணையத்துக்கு அனுப்ப அந்தப் படங்களும் கடிதமும் வேண்டியிருக்கும்.