கில்டேரில் பிரிஜிட் சிலுவை பின்னும் வகுப்பு: போகலாம், முன்பதிவு செய்துவிட்டு

பிப்ரவரி 1, இம்போல்க் என்னும் பழைய கெல்டிக் வசந்த விழா. அயர்லாந்தில் வசந்தம் அன்றைக்கே தொடங்கிவிடுமாம், எனக்கென்னவோ பல் கிட்டியது. கவிதை, மருத்துவம், கொல்லர் வேலை மூன்றுக்கும் பழைய ஐரிஷ் தெய்வமான பிரிஜிட்டின் நாள் என்பதால், அவர் பெயரில் கோரையால் சிலுவை பின்னச் சொல்லித்தர கில்டேர் ஊரில் ஒரு கைவினைக் கடை நடத்தும் வகுப்புக்குப் போனேன்.

சொல்லிக்கொடுத்த அம்மா அருமை. கோரையை வெட்டாமல் கையால் பிடுங்கும் வழக்கத்தில் ஆரம்பித்து, ஒவ்வொரு கோரைத் தண்டாக மடித்துச் செருகி, கால் சுற்று திருப்பி, அடுத்ததை இறுக்குவது வரை, நான் மூன்று முறை சொதப்பியும் முகம் சுளிக்காமல் காட்டினார். நடுவில் அந்தச் சதுரம் உருவாகும்போது வருகிற சந்தோஷம் இருக்கிறதே! தெய்வமா, அதே பெயருள்ள கிறிஸ்தவப் புனிதையா, யாருக்காகப் பின்னுகிறோம் என்று கேட்டேன், சிரித்துவிட்டு அடுத்த கோரையை நீட்டினார்.

குறை என்றால் கோரைதான். பாதி காய்ந்துபோய் மடிக்கும்போதே ஒடிந்தது. இருபது பேருக்கு ஒரே ஆசிரியர் என்பதும் சரியில்லை. 2023 முதல் பிரிஜிட்டுக்காக அரசு விடுமுறை வேறு விடுகிறார்கள், கூட்டம் வரும் என்று கடைக்குத் தெரியாதா?

அப்புறம், வகுப்பு முடிந்ததும் ஊரிலுள்ள புனித பிரிஜிட் பேராலயத்துக்கு நடந்துவிடுங்கள். கன்னியர்கள் அணையா நெருப்பைக் காத்ததாகச் சொல்லப்படும் இடத்தின் அடித்தளம் அங்கேதான் இருக்கிறது.