மணத்தக்காளியை பெல்லடோனா என்று 6,800 ரூபாய்க்கு விற்றுவிட்டார்கள்: ஆன்லைனில் மூலிகைச் செடி வாங்குகிறவர்கள் கவனிக்கவும்

பெல்லடோனா என்ற ஐரோப்பிய விஷ மூலிகை என்று நம்பி நான்கு செடிக்கு 6,800 ரூபாய் கொடுத்தேன். அதில் மூன்று மணத்தக்காளி. நான்காவது ஊமத்தை. நேற்று ராத்திரிதான் அந்த நான்காவது என்னவென்று உறுதியானது. கோபம் அடங்குவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். பெங்களூரில் மாடித் தோட்டம் போட்டிருக்கும் நம் ஆட்கள் நிறையப் பேர் ஆன்லைனில் செடி வாங்குகிறீர்கள். கொஞ்சம் நீளமாக இருந்தாலும் கடைசிவரை படியுங்கள். பணம் போனதைவிட மோசமான விஷயம் ஒன்று பின்னால் வருகிறது.

கடையின் பெயரைப் போடவில்லை. அபூர்வச் செடி, வெளிநாட்டு மூலிகை என்று விளம்பரம் செய்யும் ஒரு விற்பனையாளர். பல பேர் கடை போட்டிருக்கும் ஒரு பெரிய ஆன்லைன் தளத்தில் அவரும் கடை போட்டிருக்கிறார். ஊருக்கு வெளியே சொந்த நர்சரி இருப்பதாகப் பச்சை வலைக்குள் நின்று எடுத்த படங்களெல்லாம் போட்டிருந்தார்.

விஷச் செடியை ஏன் தேடிப் போய் வாங்கினாய் என்று ஏற்கெனவே இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள். சொல்கிறேன். எனக்குச் சொந்த ஊர் கிருஷ்ணகிரி பக்கம். அல்சூரில் குடியிருக்கிறேன், ஒரு ஆஸ்பத்திரி மருந்தகத்தில் வேலை. நான் பள்ளிக்கூடம் படிக்கும்போது அப்பா தக்காளிக்கு மருந்தடிக்கப் போய் வரப்பிலேயே விழுந்துவிட்டார். ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சிமருந்து. வாயெல்லாம் எச்சில் நுரை, கண்மணி குண்டூசி முனை அளவுக்குச் சுருங்கிவிட்டது, நெஞ்சு நிறையச் சளி. ஆஸ்பத்திரியில் அந்த விஷத்தை முறிக்கும் அட்ரோபின் ஊசியை மறுபடி மறுபடி போட்டார்கள். நெஞ்சில் சளிச் சத்தம் அடங்கும்வரைக்கும் போட்டார்கள். அன்று ராத்திரி முழுக்க அப்பா கட்டிலில் படுத்தபடி காற்றில் எதையோ பறித்துக்கொண்டிருந்தார். மருந்து ஏறினால் அப்படித்தான் இருக்கும், பயப்படாதே என்று நர்ஸம்மா சொன்னார். பிழைத்து எழுந்தார். இன்றைக்கும் தோட்டத்துக்குப் போகிறார்.

அந்த அட்ரோபினை முதலில் கொடுத்த செடி பெல்லடோனா. 1831-ல் மைன் என்ற ஜெர்மன் மருந்தாளுநர் அதிலிருந்துதான் பிரித்தெடுத்தார். என் கைவழியாக 0.6 மில்லிகிராம் அட்ரோபின் ஆம்பூல் எத்தனையோ வார்டுக்குப் போயிருக்கிறது. அந்தச் செடியை ஒரு தடவை உயிரோடு பார்க்க வேண்டும், வளர்க்க வேண்டும் என்பது எனக்கு ரொம்ப நாள் ஆசை. அது ஐரோப்பாவின் குளிர்ந்த காட்டோரங்களில் வளர்வது. அதற்கு நெருங்கிய இனம் ஒன்று காஷ்மீர், இமாசலப் பக்கம் மலையில் இருக்கிறது. பெங்களூர் வெயிலில் கஷ்டப்படும் என்று தெரியும். விதையிலிருந்து வளர்த்தால் முளைக்கவே வாரக்கணக்கில் ஆகும், சில விதை மாதக்கணக்கில் தூங்கும், குளிர் காட்டினால்தான் அசையும். அதனால்தான் வளர்ந்த கன்றாகவே வாங்கினேன். விஷயம் தெரியாமல் வாங்கப் போன ஆள் இல்லை நான்.

அந்த விற்பனையாளர் நம்ப வைத்த விதத்தைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்களிடமும் இப்படித்தான் பேசுவார்கள். தளத்தின் வழியாகக் கேள்வி கேட்டேன், உடனே வாட்ஸ்அப்பில் வந்துவிட்டார். என் பெயரைப் பார்த்ததும் தமிழில் பேச ஆரம்பித்தார். "நானும் சேலத்துக்காரன்தாண்ணா, இங்க வந்து ரொம்ப வருஷமாச்சு." சரி, ஊர்ப் பேச்சை வைத்து நான் நம்பவில்லை. பூ எப்படி இருக்கும் என்று கேட்டேன். "மணி மாதிரி தொங்கும்ணா, மங்கின ஊதா கலர்." பழம்? "ஒவ்வொண்ணும் தனித்தனியா, கறுப்பா, பளபளன்னு. அடியில பச்சையா நட்சத்திரம் மாதிரி விரிஞ்சிருக்கும்." இது நூற்றுக்கு நூறு சரி. பெல்லடோனாவை மணத்தக்காளியோடு குழப்பிக்கொள்கிறவர் இப்படிப் பதில் சொல்ல மாட்டார். பூவோடும் பழத்தோடும் படமும் அனுப்பினார், அதுவும் பெல்லடோனாதான். நாங்களே குளிர்பெட்டியில் விதை வைத்து முளைக்க வைத்த கன்று என்றார். வாங்குவதற்கு முன் ஒரு ஆளிடம் என்னவெல்லாம் கேட்க முடியுமோ கேட்டேன், எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்தார். பதில் எல்லாம் எங்கிருந்தோ எடுத்தது, படமும் எங்கிருந்தோ எடுத்தது என்று இப்போது புரிகிறது.

கன்று ஒன்று 1,500 வீதம் நான்கு, 6,000. "இதுக்குன்னு தனியா கலந்த மண்" என்று ஒரு பை 450. டெலிவரி 350. ஆக மொத்தம் 6,800. தளத்தில் கட்டினால் கமிஷன் போகும், செடி விலை கூடிவிடும் என்று சொல்லி மண்ணுக்கும் டெலிவரிக்கும் மட்டும் தனியாக யூபிஐயில் வாங்கிக்கொண்டார். அந்த 800 ரூபாய்க்கு இன்றுவரை பில் கிடையாது.

பெட்டி வந்தது. பையில் இருந்த மண் வெறும் தென்னைநார்க் கழிவு. பெல்லடோனாவுக்குச் சுண்ணாம்புச் சத்துள்ள, தண்ணீர் நிற்காத மண் வேண்டும். கூடவே ஒரு பராமரிப்புத் தாள், அதில் நல்ல வெயிலில் வைக்கவும், காலை மாலை இரண்டு வேளையும் தண்ணீர் விடவும் என்று அச்சடித்திருந்தது. பாதி நிழலில் வளர்கிற செடிக்கு இது. விஷம் என்ற வார்த்தை அந்தத் தாளில் எங்கேயும் இல்லை. இலை, வேர், பழம் எல்லாமே விஷமான ஒரு செடியை விற்கிறேன் என்று சொல்லும் ஆள், கையுறை போடு, குழந்தை கிட்டே போகாமல் பார்த்துக்கொள் என்று ஒரு வரி எழுதவில்லை. பெல்லடோனா பழம் இனிப்பாக வேறு இருக்கும், பிள்ளைகள் வாயில் போடுவதே அதனால்தான்.

நான் தாளைத் தூக்கிப் போட்டுவிட்டு எனக்குத் தெரிந்தபடி வைத்தேன். வேர் கீழே தடித்து இறங்கும் என்பதால் ஆழமான தொட்டி, நிழல் வலை, மண்ணில் கொஞ்சம் சுண்ணாம்பு. ஹவுஸ் ஓனர் வீட்டுப் பேரப்பிள்ளைகள் மாடிக்கு வந்து விளையாடுவார்கள். அதனால் சுற்றிலும் கம்பிவலை அடித்து, மண்டையோடு வரைந்து, தமிழ், கன்னடம், இங்கிலீஷ் மூன்றிலும் எழுதிப் பலகை மாட்டினேன். அந்த வலைக்கும் பலகைக்கும் ஆன செலவை நான் இந்த 6,800-ல் சேர்க்கவே இல்லை.

செடி கிடுகிடுவென்று வளர்ந்தது. அங்கேயே சந்தேகம் வந்தது. பெல்லடோனா முதல் வருஷம் ஒன்றரை அடி வந்தாலே பெரிது. இது கிளை கிளையாகப் பரவி மொட்டு விட்டது. மொட்டு விரிந்தால் சின்னச் சின்ன வெள்ளைப் பூ, நடுவில் மஞ்சள், கொத்துக் கொத்தாக. ஊரிலிருந்து வந்திருந்த அம்மா மாடிக்கு வந்து பார்த்துவிட்டு, "ஏண்டா, மணத்தக்காளிக்கா கூண்டு கட்டி வச்சிருக்க?" என்று கேட்டார். அல்சூர் மார்க்கெட்டில் கட்டு கட்டாகக் கிடைக்கிற கீரை. அம்மா இலையைக் கிள்ளப் போனார், நான் கையைப் பிடித்துத் தடுத்தேன். பெட்டியில் ஒரு விஷச் செடியின் பெயர் எழுதியிருக்கும்போது எந்த தைரியத்தில் விடுவது?

அந்த ஆளுக்குப் படம் அனுப்பினேன். முதல் பதில்: "வெயிலுக்கு கலர் மாறும்ணா." அடுத்தது, முதல் பூ வெள்ளையாகத்தான் வரும், இரண்டாவது தடவை ஊதா வரும் என்றார். பூ கொத்தாக இருக்கிறதே என்றதற்கு, "இது இந்தியன் வெரைட்டிண்ணா." மணத்தக்காளி என்று நேராகவே எழுதினேன். இரண்டு நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. போன் செய்தேன், எடுத்தது வேறு யாரோ, அண்ணன் கொடைக்கானல் போயிருக்கிறார் என்றார்கள். விடாமல் கூப்பிட்டதில் ஒரு நாள் அவரே எடுத்தார். பேக்கிங் பண்ற பையன் மாற்றி வைத்திருப்பான் என்றார். சரி, பணத்தைத் திருப்பு என்றேன். உயிருள்ள செடிக்கு ரிட்டர்ன் கிடையாது என்றார். அப்புறம் சொன்னதுதான் எனக்கு இன்னும் காதில் நிற்கிறது:

"மணத்தக்காளின்னா நல்லதுதானேண்ணா, நாலையும் பறிச்சு கூட்டு வச்சு சாப்பிடுங்க. உங்களுக்கு என்ன நட்டம்?"

நாலையும். இதை அவர் சொன்னபோது மூன்று செடிதான் பூத்திருந்தது. நான்காவது பூக்கவில்லை. அது கொஞ்சம் வேறு மாதிரி இருந்தது, இலை அகலம், ஓரம் நெளிந்து பல் பல்லாக. ஆக, என்ன அனுப்பினோம் என்று தனக்கே தெரியாத ஒரு மனிதர், பெல்லடோனா என்று பெயர் போட்டு விற்ற செடியை, மருந்தகத்தில் வேலை செய்கிறவனிடமே சமைத்துச் சாப்பிடச் சொல்கிறார்.

நேற்று ராத்திரி டூட்டி முடிந்து வந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். நான்காவது செடியில் விரல் நீளத்துக்குப் பச்சை மொட்டு, மேல்நோக்கி நிமிர்ந்து நிற்கிறது, நுனி விரிய ஆரம்பித்திருக்கிறது. கையுறையோடு ஓர் இலையைக் கசக்கினேன், அந்த நாற்றம் ஊர்ப்பக்கம் வளர்ந்த யாருக்கும் மறக்காது. அம்மாவை எழுப்பிக் காட்டினேன். பார்த்த உடனே "ஊமத்தைடா இது" என்றார். பூ விரிந்தால் எக்காளமாக நிற்கும், அப்புறம் முள்ளுக்காய் வரும், ஆனால் அதற்கெல்லாம் நான் காத்திருக்கப் போவதில்லை. ஊமத்தையிலும் இருப்பது அதே அட்ரோபின், ஸ்கோபாலமின் வகை விஷங்கள்தான். கீரையோடு கலந்து சமைத்தால் வாய் உலரும், கண்மணி விரிந்து பார்வை மங்கும், உடம்பு கொதிக்கும், நாடி ஓடும், சிறுநீர் இறங்காது, எதிரில் இல்லாத ஆளோடு பேச்சு நடக்கும். அளவு மீறினால் உயிர் போகும். என் அம்மா அன்றைக்கே கிள்ளியிருந்தால், கையில் வந்த நாலையும் சேர்த்து வைத்திருந்தால்? இதை நினைத்து ராத்திரி தூக்கமே இல்லை.

தளத்தின் கஸ்டமர் கேர் கதை தனி. ரிட்டர்ன் நாட்கள் முடிந்துவிட்டன என்று ஒரே பதிலை வேறு வேறு பெயரில் அனுப்பினார்கள். பூ வந்தால்தானே செடி என்னவென்று தெரியும், அதற்குள் எப்படி ரிட்டர்ன் கேட்பது என்றேன். "உங்கள் அசௌகரியத்துக்கு வருந்துகிறோம்." விஷச் செடி மாறி வந்திருக்கிறது, இதே விற்பனையாளரிடம் வேறு யாராவது கீரை விதையோ மூலிகையோ வாங்கியிருந்தால் அவர்களுக்காவது சொல்லுங்கள் என்றேன். அதற்கும் அதே வருத்தம்தான் வந்தது. சாட் உரையாடலை மூடிவிட்டு, எங்கள் சேவை எப்படி இருந்தது, நட்சத்திரம் போடுங்கள் என்று கேட்டார்கள். அந்த ஆள் இன்று காலையில் என் நம்பரை பிளாக் செய்துவிட்டார். கடை இன்னும் திறந்துதான் இருக்கிறது. அதே பெல்லடோனா படம், அதே 1,500.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிந்துவிட்டேன். 2020 மின்வணிக விதிகள்படி தளத்தின் குறைதீர் அதிகாரி 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அவருக்கும் மெயில் போயிருக்கிறது. 6,800 ரூபாயும் வரும்வரை விடப்போவதில்லை.

எப்படி வாங்க வேண்டும், என்ன பார்க்க வேண்டும் என்று விவரமாக எழுத நினைத்தேன், டூட்டிக்கு நேரமாகிவிட்டது. அவசரத்துக்கு இதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். தளத்துக்கு வெளியே ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். விற்கிற ஆள் இன்றைய தேதி எழுதிய சீட்டை அந்தச் செடியோடு வைத்து வீடியோ எடுத்து அனுப்பினால்தான் பணம். பெட்டி பிரிப்பதையும் வீடியோ எடுங்கள். மணத்தக்காளிப் பழம் சின்னது, கொத்தாக வரும், பூ வெள்ளை. பெல்லடோனாப் பழம் பெரிது, ஒற்றையாக, அடியில் நட்சத்திரம் மாதிரி விரிந்த பச்சை இதழ்களின் (புல்லிவட்டம்) மேல் உட்கார்ந்திருக்கும். பூக்காத செடியின் இலையை, யார் என்ன சொன்னாலும், பாத்திரத்தில் போடாதீர்கள். யாராவது தின்றுவிட்டால் வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்காமல், செடியில் ஒரு கிளையை ஒடித்துப் பையில் போட்டுக்கொண்டு நேராக ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள், வண்டிக்கு 108.

இந்த மாதிரிக் கடையிலிருந்து மூலிகை என்று வாங்கிய கன்று உங்கள் மாடியில் இருந்தால், இன்றைக்குச் சாயங்காலமே போய் இலையையும் பூவையும் பாருங்கள். சந்தேகமாக இருந்தால் படம் போடுங்கள், ராத்திரி வந்து நானும் அம்மாவும் பார்த்துச் சொல்கிறோம்.