வரையத் தெரியாத அம்மாவுக்கு எந்த ஓவியப் பாடம்?

எனக்கு வரைய வராது. பத்தாம் வகுப்பில் செம்பருத்திப் பூவின் நீள்வெட்டுத் தோற்றத்தை வரைந்து கொடுத்தபோது, இது கத்தரிக்காயா என்று ஆசிரியை கேட்டார். இதை முதலிலேயே சொல்லிவிடக் காரணம் இருக்கிறது. ஓவியப் பாடத்திட்டங்களைப் பற்றி எழுதுகிறவர்களில் பெரும்பாலோர் கொஞ்சமாவது வரையத் தெரிந்தவர்கள். என்னைப் போன்றவர் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அந்தப் பாடத்தைத் திறந்தால் என்ன ஆகும் என்பதை அவர்கள் சொல்வதில்லை.

ஒன்பது வயது மகளையும் ஆறு வயது மகனையும் இரண்டு ஆண்டுகளாக வீட்டிலேயே படிக்கவைக்கிறோம். கணக்குக்கும் தமிழுக்கும் புத்தகம் தேர்ந்தெடுக்க ஒரு வாரம் போதுமானதாக இருந்தது. ஓவியத்துக்கு ஒன்றரை ஆண்டு அலைந்தேன்.

முதலில் பணம் கட்டியது அமெரிக்காவிலிருந்து வரும் ஓர் இணையவழிப் பாடத்திட்டத்துக்கு. பெயர் வேண்டாம். ஆண்டுச் சந்தா, 36 வாரப் பாடம், வாரத்துக்கு ஒரு காணொளி. சொல்லித்தரும் பெண்மணிக்கு அலாதிப் பொறுமை. ஓவியர்களின் வாழ்க்கைக் கதைகளை அவர் சொல்லும் அழகுக்கே பாதிப் பணம் கொடுக்கலாம். சிக்கல் பொருள் பட்டியலில் தொடங்கியது. டெம்பரா வண்ணம், கன்ஸ்ட்ரக்‌ஷன் பேப்பர், திரவ நீர்வண்ணம். குரோம்பேட்டையில் நான் கேட்ட மூன்று ஸ்டேஷனரி கடைகளிலும் போஸ்டர் கலரைத்தான் எடுத்துக் காட்டினார்கள். அதையே வாங்கி, வீட்டிலிருந்த பிரிண்டர் தாளில் பூசினோம். தாள் பொரித்த அப்பளம் போல நெளிந்துகொண்டது.

செப்டம்பர் மாதப் பாடம் இலையுதிர் காலம். மேப்பிள் இலையைப் பார்த்திராத பிள்ளைகள் காணொளியைப் பார்த்துச் சிவப்பு அடித்தார்கள். எங்கள் தெருமுனையில் ஒரு வாதாங்கொட்டை மரம் இருக்கிறது. அதன் இலையும் சிவந்துதான் விழும், ஆனால் அதற்குத் தை மாதம் பிறக்க வேண்டும். அந்தப் பாடத்தைத் தள்ளிவைத்து, தை பிறந்ததும் நிஜ இலையை மேசையில் வைத்துச் செய்திருக்கலாம். அப்போது எனக்கு அந்த அளவுக்குத் துணிச்சல் இல்லை. பணம் கொடுத்து வாங்கிய வரிசையை மாற்றக் கூடாது என்று நினைத்துவிட்டேன்.

ஆனால் நான் அதை நிறுத்தியதற்குக் காரணம் ஓர் ஆந்தை. பன்னிரண்டு படிகளில் ஆந்தை வரைவது அந்த வாரப் பாடம். முடித்ததும் இரண்டு படங்களையும் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டினேன். இரவு பிள்ளைகளின் அப்பா வந்து, இதில் எது உன்னுடையது என்று மகளிடம் கேட்டார். மகள் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, ஓரத்தில் பெயர் எழுதியிருக்கிறதா என்று தாளைத் திருப்பினாள்.

அடுத்து, பக்கத்துத் தெருவில் வார இறுதி ஓவிய வகுப்பு. இதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. இரண்டு மலை, நடுவில் சூரியன், அதிலிருந்து இறங்கும் ஆறு, கரையில் குடிசை, சாய்ந்த தென்னை. நானும் அதைத்தான் வரைந்தேன், என் அம்மாவும் அதைத்தான் வரைந்திருப்பார். சான்றிதழும் பதக்கமும் தாராளமாகக் கிடைத்தன. மூன்றே மாதத்தில் இளையவன், மலை இல்லாத ஊரை எப்படி வரைவது என்று என்னிடம் கேட்டான். நிறுத்திவிட்டோம்.

இப்போது வீட்டில் நிலைத்திருப்பது ஒரு பழைய புத்தகம். மோனா புரூக்ஸ் எழுதிய 'டிராயிங் வித் சில்ட்ரன்', 1986இல் வெளிவந்தது. எனக்குக் கிடைத்தது முதுகு கிழிந்த பழைய பிரதி. பிள்ளைகள் கையில் கொடுக்கிற புத்தகம் இல்லை இது. பக்கம் பக்கமாக எழுத்து, எல்லாம் பெரியவர்களுக்கு. வாரத் திட்டம், தேதி, மதிப்பெண் எதுவும் கிடையாது. முதல் இரவு பத்துப் பக்கம் தாண்டுவதற்குள் தூங்கிவிட்டேன். ஆனால் அதன் அடிப்படை மிக எளியது. கண்ணால் பார்க்கும் எந்தப் பொருளையும் ஐந்து கூறுகளாகப் பிரிக்கலாம்: புள்ளி, வட்டம், நேர்கோடு, வளைகோடு, கோணக்கோடு. பொருளைப் பார்த்து, அதில் எந்தெந்தக் கூறு எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்த பிறகுதான் பேனாவை எடுக்க வேண்டும். பென்சிலும் ரப்பரும் அல்ல, ஸ்கெட்ச் பேனா. அழிக்க வழியில்லை என்பதால் பிள்ளை நிதானமாகப் பார்க்கும். கோடு தவறினால் அதையே படத்தில் வேறொன்றாக மாற்றிக்கொள்ள வேண்டும். வரையும்போது பேச்சு கூடாது.

கையைப் பழக்க அதில் சில பயிற்சிகள் உண்டு. பாதி உருவம் கொடுத்திருப்பார்கள்; கண்ணாடியில் தெரிவதுபோல் மறுபாதியைப் போட வேண்டும். ஒருநாள் மகள் இதைச் செய்துகொண்டிருந்தபோது அத்தை வந்து எட்டிப் பார்த்தார்.

"ஏம்மா, இதைத்தானே நான் தினமும் வாசலில் போடுகிறேன்? இதற்கு ஒரு புத்தகமா?"

அத்தை சொன்னது முழு உண்மை. புள்ளிக்கோலம் புள்ளியில் தொடங்குகிறது. சிக்குக்கோலத்தில் வளைகோடு புள்ளிகளைச் சுற்றிக்கொண்டு போகிறது. இடப்பக்கம் போட்டதை வலப்பக்கம் கை தானாகத் திருப்பிப் போடுகிறது. கோலத்தைக் காலால் தேய்த்து அழித்துவிடலாம்தான், ஆனால் அத்தை அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை. இழை தப்பினால் அதே இடத்தில் ஒரு சுழியைச் சேர்த்து, எதிர்ப்பக்கமும் ஒரு சுழி போட்டு, முதலிலிருந்தே அப்படித்தான் நினைத்திருந்ததுபோல் எழுந்து போய்விடுவார். அன்றிலிருந்து கை பழக்கும் பயிற்சி வாசலுக்குப் போய்விட்டது. நேர்ப்புள்ளி, இடைப்புள்ளி என்று அத்தை சொல்லித்தருகிறார். புத்தகத்தின் அந்தப் பகுதியை நாங்கள் இப்போது திறப்பதே இல்லை.

பொருள் பார்த்து வரைவதற்குச் சமையலறை போதும். அஞ்சறைப்பெட்டி முதல் வாரம்: ஒரு பெரிய வட்டத்துக்குள் ஏழு சிறிய வட்டங்கள், கடுகுக்குப் புள்ளி. இளையவனுக்கு அதுவே இரண்டு நாள் வேலை. மகள் அரிவாள்மனையை எடுத்துக்கொண்டாள். பலகைக்கு நேர்கோடு, அலகுக்கு வளைகோடு, தேங்காய் துருவும் பற்களுக்குக் கோணக்கோடு. பற்களை எண்ணித்தான் போட்டாள். அது ஆந்தை அளவுக்கு அழகாக இல்லை. பலகை ஒரு பக்கம் தூக்கிக்கொண்டிருக்கிறது. உண்மையில் எங்கள் வீட்டுப் பலகையும் அப்படித்தான் ஆடும். அதை நான் கவனித்ததே அவள் படத்தைப் பார்த்த பிறகுதான்.

செலவில்லாமல் தொடங்க நினைப்பவர்கள், மத்திய அரசின் பாடநூல்களைத் தயாரிக்கும் என்.சி.இ.ஆர்.டி. 2024இல் மூன்றாம் வகுப்புக்கு வெளியிட்ட 'பான்சுரி' கலைப் புத்தகத்தைப் பதிவிறக்கிப் பாருங்கள். ஓவியம் மட்டுமல்ல, இசை, நடனம், நாடகமும் அதில் உண்டு. ஆங்கிலத்தில் இருப்பதை நான் படித்துத் தமிழில் சொல்கிறேன். வரைய மனமில்லாத நாட்களில் அதிலிருந்து நாடகப் பகுதியை எடுத்தால் இளையவன் பிழைத்துக்கொள்கிறான்.

படம் பார்க்கப் பழக்குவதற்குத் தனியாக எதுவும் வாங்கவில்லை. சார்லட் மேசன் என்ற ஆங்கிலேயக் கல்வியாளரின் முறை வீட்டுவழிக் கல்விக்காரர்களுக்குப் பழக்கமானது: ஒரு பருவத்துக்கு ஒரே ஓவியர், அவருடைய ஆறு படங்கள். படத்தைப் பேசாமல் பார்க்க வேண்டும். பிறகு கவிழ்த்து வைத்துவிட்டு, பார்த்ததைச் சொல்ல வேண்டும். முதல் பருவத்துக்கு ரவிவர்மாவை எடுத்தோம். சேலை மடிப்பு ஒன்றையும் விடாமல் மகள் சொன்னாள். இளையவனுக்கு அன்னப்பறவையின் கால் மட்டுமே நினைவிருந்தது.

அடுத்த பருவம் சிற்பம் என்று முடிவு செய்து எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு ரயிலேறினோம். வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதைப் பார்க்காமல் போனது என் தவறு. பூட்டிய கதவை இளையவன் வரைந்தான். மறுவாரம் போய் வெண்கலக் கூடத்தில் திருவாலங்காட்டு நடராசர் முன் உட்கார்ந்தோம். பதினோராம் நூற்றாண்டுச் சோழர் வேலை. தூக்கிய கால், வீசிய கை என்று மகள் வளைகோடுகளைத் தேடிக்கொண்டிருக்க, இளையவன் நேராகக் காலடிக்குப் போய் முயலகனை மட்டும் வரைந்தான். மேலே இருப்பவர் எங்கே என்று கேட்டதற்கு, "அவர் ஆடிக்கொண்டிருக்கிறார், நிற்கட்டும்" என்றான்.

யாருக்கு எது பொருந்தும்? பெற்றோருக்கு நேரமே இல்லை, பிள்ளை காணொளி பார்த்துத் தானே செய்ய வேண்டும் என்றால், அமெரிக்கப் பாணிச் சந்தா கெட்ட தேர்வு அல்ல. ஆனால் பணம் கட்டும் முன் இலவச மாதிரிப் பாடத்தை இரண்டு பிள்ளைகளுக்குக் கொடுத்து, வந்த படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பொருள் பட்டியலை உங்கள் தெருக் கடையில் காட்டுங்கள். மோனா புரூக்ஸின் முறைக்கு ஆள் பக்கத்தில் உட்கார வேண்டும், அதுவும் தானும் வரைந்தபடி. வாரம் மூன்று நாள், இருபது நிமிடம். வண்ணக் கலவை, களிமண் இவற்றுக்கெல்லாம் நான் இன்னும் வழி தேடிக்கொண்டுதான் இருக்கிறேன்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் தாளில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் கெட்டியான கார்ட்ரிட்ஜ் தாளைப் பெரிய அளவில் வாங்கி, வேண்டிய அளவுக்கு வெட்டிக்கொள்கிறோம். ஸ்கெட்ச் பேனாதான் மாதம் ஒரு பெட்டி காலியாகிறது. மூடிகளை இளையவன் எங்கே கொண்டுபோய் வைக்கிறான் என்பது இதுவரை பிடிபடவில்லை.