கப், துணி நாப்கின், பீரியட் உள்ளாடை: பல வருடப் பயன்பாட்டில் காசு எங்கே மிச்சம், எங்கே ஓட்டை?

12, 13 வயதில் தொடங்கும் மாதவிடாய் 50 வாக்கில் நிற்கிறது என்றால் இடையில் 37, 38 வருடம். 28 நாள் சுழற்சிக்கு வருடத்தில் 13 முறை வரும். கர்ப்ப காலம், பாலூட்டும் காலம் எல்லாம் கழித்துச் சுமார் 450 முறை என்று வைத்துக்கொள்வோம். முறைக்கு 5 நாள், நாளுக்கு 4 நாப்கின். ஆக 9,000 நாப்கின். மாதவிடாய்க் கப் (உள்ளே வைத்து உதிரத்தைப் பிடித்துக் கொட்டிவிட்டுத் திரும்பப் பயன்படுத்தும் சிறு கிண்ணம்) விளம்பரங்கள் பெரும்பாலும் இந்தக் கணக்கில் ஆரம்பித்து, “ஒரே கப், பத்து வருடம்” என்று முடியும்.

கணக்கில் தப்பில்லை, பாதியை விட்டுவிட்டார்கள், அவ்வளவுதான். கப் பழகும் வரை கூடவே வைக்கிற நாப்கின், சைஸ் சேராமல் வாங்குகிற இரண்டாவது கப், கறை போகாமல் தூக்கிப் போடுகிற உள்ளாடை, வலி மாத்திரை, இரும்புச்சத்து மாத்திரை எதுவும் அதில் இல்லை. வருடக்கணக்கில் பயன்படுத்தும்போது மிச்சத்தைத் தின்பது பெரும்பாலும் இந்தச் சில்லறைச் செலவுகள்தான்.

விலை இடத்துக்கு இடம் மாறும் என்பதால் எதையும் நாப்கின் எண்ணிக்கையாக மாற்றிப் பார்ப்பது நல்லது. பொருளின் விலையை, இப்போது வாங்கும் நாப்கின் ஒன்றின் விலையால் வகுத்தால் போதும். ஒரு கப் 60 நாப்கின் விலைக்குச் சமம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். முறைக்கு 20 போகிறவருக்கு மூன்றே சுழற்சியில் போட்ட காசு வந்துவிடும் போலத் தோன்றும். வராது. முதல் மூன்று சுழற்சியில் கசிவு பயத்தில் பாதி நாப்கின் கூடவே போகும், மிச்சமாவது 30தான். மீதி 30-ஐ எடுக்க இன்னும் ஒன்றரைச் சுழற்சி. ஆக ஐந்தாவது சுழற்சியில்தான் கணக்கு நேராகும். முதல் கப் சேராமல் அதே விலைக்கு இன்னொன்று வாங்கினால் எட்டாவது சுழற்சி ஆகும். அப்போதும் லாபம்தான். ஆனால் கப்பையும் வைத்து, “எதற்கும் இருக்கட்டும்” என்று தினம் ஒரு நாப்கினும் வைக்கிற பழக்கம் நிலைத்துவிட்டால், முறைக்கு 5 வீதம் பத்து வருடத்தில் 650 நாப்கின். பத்துக் கப்புக்கு மேல் வாங்கியிருக்கலாம்.

கப்

2019-இல் லான்செட் பப்ளிக் ஹெல்த் இதழில் 43 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து அலசிய கட்டுரை ஒன்று வந்தது. கசிவு விஷயத்தில் கப், நாப்கினுக்கும் டாம்பானுக்கும் (உள்ளே வைத்து உறிஞ்சவிடும் பஞ்சு உருளை) சளைத்ததல்ல என்றும், பழகப் பல சுழற்சிகள் பிடிக்கும் என்றும், பயன்படுத்தியவர்களில் சுமார் 70 சதவீதம் பேர் தொடர விரும்பினார்கள் என்றும் அது சொன்னது. விட்டுவிடுகிற மற்றவர்களில் பலருக்கு அளவு தேர்விலேயே சிக்கல் தொடங்கியிருக்கும்.

பெட்டியில் “பிரசவத்துக்கு முன், பின்” என்று போட்டிருப்பது பெரும்பாலும் விளிம்பின் விட்டத்தைத்தான் சொல்கிறது. அதைவிட நீளம் முக்கியம். மாதவிடாய் நாளில், கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, ஆள்காட்டி விரலை உள்ளே விட்டால் மூக்கு நுனி போலக் கெட்டியாக ஒன்று தட்டுப்படும். அதுதான் கருப்பை வாய். விரலின் முதல் கணு உள்ளே போவதற்குள் தட்டுப்பட்டால் தாழ்வாக இருக்கிறது, குட்டையான கப் வேண்டும். இரண்டாம் கணு வரை போனால் நடுத்தரம். முழு விரலுக்கும் எட்டவில்லை என்றால் நீளமான கப். இதை மாதவிடாய் இல்லாத நாளில் பார்த்தால் அளவு தப்பலாம், ஏனென்றால் அந்த நாட்களில் கருப்பை வாய் இன்னும் மேலே இருக்கக்கூடும். ஒரே நாளில் காலையும் மாலையும் பார்த்துக்கொள்வது இன்னும் நல்லது.

அடுத்தது கடினத்தன்மை. மிக மென்மையான கப் உள்ளே முழுதாக விரியாமல் மடிந்தே கிடக்கும். மிகக் கடினமானது சிறுநீர்ப்பையை அழுத்தும். கப் வைத்ததிலிருந்து அடிக்கடி சிறுநீர் வருவதுபோல் இருந்தால், அல்லது முக்கினால்தான் சிறுநீர் வருகிறது என்றால், அதைவிட மென்மையான ஒன்றுக்கு மாறவேண்டும். பொறுத்துப்போவதில் லாபமில்லை.

கசிந்தால் பலரும் சைஸ் சிறியது என்று முடிவு கட்டி இன்னொன்று ஆர்டர் போடுகிறார்கள். அதற்கு முன் கப்பை வெளியே எடுத்து அளவைப் பாருங்கள். கால் பங்குகூட நிரம்பவில்லை, ஆனாலும் கசிந்தது என்றால் கப் விரியவில்லை. உள்ளே வைக்கும்போது கப்பை மடிக்கிற சி வடிவ மடிப்பை விட்டுவிட்டு, விளிம்பின் ஒரு புறத்தை உள்ளே அமுக்கும் மடிப்புக்கு மாறலாம். அதன் நுனி சிறியது, உள்ளே போனதும் வேகமாக விரியும். வைத்த பிறகு விரலால் அடிப்பாகத்தைச் சுற்றித் தடவினால் எங்கும் பள்ளம் இருக்கக்கூடாது. பாதி நிரம்பிய நிலையிலேயே வழிகிறது என்றால் கருப்பை வாய் கப்புக்குள் இறங்கி இடத்தை அடைத்துக்கொள்கிறது. இங்கே கொள்ளளவு குறைகிறது என்பதால், குட்டையாகவும் அகலமாகவும் இருக்கிற கப் உதவும், இல்லையென்றால் கொஞ்சம் சீக்கிரம் கொட்டவேண்டும். மூன்றாவது காரணம் விளிம்புக்குக் கீழே உள்ள பொடித் துளைகள். அவை அடைத்தால் விளிம்பு பிடிக்காது. கப்பில் தண்ணீர் நிரப்பி, உள்ளங்கையால் வாயை மூடிக் கவிழ்த்து அமுக்கினால் துளை வழியே தண்ணீர் பீச்சியடிக்கும். பீச்சாத துளை அடைத்த துளை. விளிம்பை இழுத்துப் பிடித்து மென்மையான பல்துலக்கியால் தேய்த்தால் திறந்துவிடும்.

எடுத்த பிறகு வருகிற ஓரிரு சொட்டு கசிவே அல்ல. மேலே தங்கியது இறங்குகிறது. இதற்காக நாப்கின் வைப்பவர்கள்தான் மேலே சொன்ன 650-ஐச் செலவழிப்பவர்கள். ஒரு துணி லைனர் போதும்.

எடுக்கும்போது காம்பை மட்டும் பிடித்து இழுக்கக்கூடாது. குந்தி உட்கார்ந்து, மெதுவாக முக்கி, அடிப்பாகத்தைக் கிள்ளி உறிஞ்சல் விட்ட பிறகே இறக்கவேண்டும். காப்பர்-டி போன்ற கருத்தடைச் சாதனம் உள்ளவர்களுக்கு இது வெறும் வசதிப் பிரச்சினை இல்லை, உறிஞ்சலோடு இழுத்தால் சாதனமே நகர்ந்து வெளியே வரலாம். முதலில் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பெரும்பாலான தயாரிப்பாளர்கள் சொல்கிற உச்ச நேரம் 12 மணி. பாக்டீரியா நச்சால் வரும் நச்சு அதிர்ச்சி நோய் கப்பில் மிக அரிது, ஆனால் வந்திருக்கிறது. கப் உள்ளே இருக்கும்போது திடீரென அதிகக் காய்ச்சல், வாந்தி, தோலில் சிவப்பு, மயக்கம் வந்தால் கப்பை எடுத்துவிட்டு உடனே மருத்துவமனை.

கப் எப்படிச் சாகிறது என்பதையும் சொல்லவேண்டும். பெரும்பாலும் வயதாகிச் சாவதில்லை, அடுப்பில் மறந்து கருகிச் சாகிறது. பாத்திரம் நிறையத் தண்ணீர், 5 நிமிடம், அலாரம். கப்பை ஒரு கம்பி முட்டை அடிப்பானின் கூட்டுக்குள் சொருகிப் போட்டால் அடியில் ஒட்டாது. மஞ்சளித்துப் போவது நிறமாற்றம்தான், குறை இல்லை. தொட்டால் பிசுபிசுப்பு, மாவு பூத்ததுபோன்ற படலம், காம்பின் அடியில் கீறல் என்று ஏதாவது தெரிந்தால் மாற்றும் நேரம் வந்துவிட்டது. காற்று புகாத பிளாஸ்டிக் டப்பாவில் வைத்தால் நாற்றம் பிடிக்கும். அதனால்தான் துணிப்பை கொடுக்கிறார்கள்.

துணி நாப்கின்

ஒரு துணி நாப்கின் 8 சாதாரண நாப்கின் விலை என்று வைத்தால், ஒவ்வொன்றையும் ஒரு சுழற்சியில் இருமுறை பயன்படுத்தினால் நான்கு சுழற்சியில் காசு வந்துவிடும். நன்றாகப் பார்த்துக்கொண்டால் மூன்று முதல் ஐந்து வருடம் உழைக்கும். எத்தனை வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது உதிரப்போக்கைவிடக் காய்கிற நேரம். ஒரு நாளில் காய்ந்தால் 8 போதும். ஈரமான பருவத்தில் இரண்டு நாள் இழுத்தால் 12 இல்லாமல் ஓட்டமுடியாது. பாதி காய்ந்ததை வைத்தால் அரிப்பும் பூஞ்சைத் தொற்றும்தான் மிச்சம். அந்த மருந்துச் செலவும் கணக்கில் சேரும்.

துவைப்பதில் ஒரே விதி: முதலில் குளிர்ந்த தண்ணீர். வெந்நீர் பட்டால் ரத்தப் புரதம் இழையோடு உறைந்து கறை நிரந்தரமாகும். கழற்றியவுடன் அலசி, குளிர்ந்த தண்ணீரில் சில மணி நேரம் ஊறவிட்டு, சிவந்த தண்ணீரை மாற்றி, பிறகு என்சைம் உள்ள சலவைத்தூள் போடலாம். ஒரு நாளுக்கு மேல் ஊறினால் நாறும். பிடிவாதக் கறைக்கு 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடைச் சொட்டாக விட்டால் நுரைத்துக்கொண்டு வெளியேறும். அடர்நிறத் துணியில் அது வெளிறச் செய்யும் என்பதால் ஓரத்தில் விட்டுப் பார்க்கவும்.

வாங்கியபோது நன்றாக உறிஞ்சிய நாப்கின் ஒரு வருடத்தில் கசிய ஆரம்பித்தால் துணி தேய்ந்துவிட்டது என்று எறியாதீர்கள். மேல் துணியில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். உள்ளே இறங்காமல் முத்தாக நின்றால், துணியை மென்மையாக்கும் சாஃப்ட்னரோ சோப்பு மிச்சமோ இழைகளைப் பூசியிருக்கிறது. கறை போன பிறகு, சோப்பில்லாமல் வெதுவெதுப்பான தண்ணீரில் நுரை வருவது நிற்கும் வரை அலசினால் பழையபடி உறிஞ்சும். ஆனால் பின்பக்கம் உள்ள பி.யு.எல். என்ற தண்ணீர் புகாத படலம் குமிழ்விட்டு உரிந்திருந்தால் அதற்கு வைத்தியம் இல்லை. உலர்த்தும் இயந்திரத்தின் அதிகச் சூடு, இஸ்திரிப்பெட்டி, குளோரின் பிளீச் ஆகியவைதான் அதைக் கொல்கின்றன.

உறிஞ்சும் அடுக்கு வைத்துத் தைத்த பீரியட் உள்ளாடை வசதியில் முதலிடம், சேமிப்பில் கடைசி. ஒன்று 30 நாப்கின் விலை, சுழற்சிக்கு ஒரு தடவை போட்டு இரண்டரை நாப்கினை மிச்சப்படுத்தினால் காசு வரவே 12 சுழற்சி. அதன் ஆயுளோ இரண்டு, மூன்று வருடம். உறிஞ்சும் அடுக்கு நன்றாக இருக்கும்போதே தொடைப்பக்க எலாஸ்டிக் தளர்ந்துவிடும், ஓரக் கசிவு அங்கிருந்துதான் வரும். ஐந்தாறு வாங்கி முழுதாக மாறுவதைவிட, இரண்டு வாங்கி இரவுக்கும் கப்புக்குத் துணையாகவும் வைத்துக்கொள்வதே கட்டுபடியாகும். டாம்பான் பற்றிச் சேமிப்புக் கோணத்தில் சொல்ல அதிகமில்லை: அதிகம் தாங்கும் ரகத்தை வாங்கி நீண்ட நேரம் வைத்து மிச்சம் பிடிக்க நினைப்பது ஆபத்து. தேவைக்குப் போதுமானதில் மிகக் குறைவாக உறிஞ்சும் ரகம், 4 முதல் 8 மணிக்குள் மாற்றம்.

நாப்கினிலேயே இருக்க விரும்பினால்

அதிலும் தப்பில்லை. பாக்கெட் விலையை விட்டு ஒரு நாப்கினின் விலையைப் பாருங்கள். மாற்றியதை மடிக்கும் முன் ஒரு பார்வை போதும்: பின்பக்கம் மட்டும் நனைந்து முன்பாதி வெள்ளையாக இருந்தால், பெரிய சைஸ் தேவையில்லை, ஒட்டும் இடத்தைப் பின்னுக்குத் தள்ளவேண்டும். இரவு நாப்கினைப் பகலில் வைப்பது, கடைசி இரண்டு நாளும் முழு நாப்கின் வைப்பது, மாதம் முழுவதும் தினசரி லைனர் வைப்பது என்ற மூன்றும்தான் பெரிய ஓட்டைகள். தினம் ஒரு லைனர் என்றால் வருடத்துக்கு 365. சாதாரண வெள்ளைப்படுதலுக்கு அது தேவையே இல்லை. மொத்தமாக வாங்கினால் குளியலறையில் அடுக்காதீர்கள், ஈரத்தில் பசை போய்விடும்.

மருந்துச் செலவு

வலிக்கு ஐபுப்ரோஃபென், மெஃபெனமிக் அமிலம் போன்றவற்றை மருந்தின் மூலப்பெயரில் கேட்டு வாங்கினால் அதே மருந்து பல இடங்களில் குறைந்த விலைக்குக் கிடைக்கும். வலியைத் தூண்டும் புரோஸ்டாகிளாண்டின் உருவாவதையே இவை தடுப்பதால், வலி தொடங்கும்போதே சாப்பாட்டுக்குப் பின் போட்டால் குறைந்த மாத்திரையில் அடங்கும். உச்சத்தில் போட்டால் இரண்டாவதும் தேவைப்படும். உதிரப்போக்கையும் இவை ஓரளவு குறைக்கும். வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்துமா உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் போடக்கூடாது. ஒருமுறை ஒட்டி எறிகிற சூட்டுப் பட்டைக்குப் பதில் வெந்நீர்ப் பை அதே வேலையைச் செய்யும்.

முறைக்கு 40 நாப்கின் போகிறவருக்கு மேலே சொன்ன எந்தச் சேமிப்பும் பெரிதாக உதவாது. ஒரு மாதவிடாயின் சராசரி இழப்பு 30 முதல் 40 மில்லி. 80-ஐத் தாண்டினால் அதிக உதிரப்போக்கு. அளவுக்கோடு போட்ட கப் இருந்தால் கொட்டும்போதெல்லாம் குறித்துவைத்து மருத்துவரிடம் காட்டலாம், நாப்கினில் இது முடியாது. ஒரு மில்லி ரத்தத்தோடு சுமார் அரை மில்லிகிராம் இரும்பு போகிறது, 80 மில்லிக்கு 40 மில்லிகிராம். ஆண்டுக்கணக்கில் இரும்பு மாத்திரை வாங்குவதற்குப் பதில் காரணத்தைப் பார்க்கவேண்டும். நார்த்திசுக்கட்டியா, தைராய்டா, ரத்தம் உறைவதில் கோளாறா என்று பரிசோதித்து, டிரானெக்ஸாமிக் அமிலமோ ஹார்மோன் கருப்பைச் சாதனமோ மருத்துவர் பரிந்துரைக்கலாம். முதலாவது போக்கை ஏறக்குறைய பாதியாகக் குறைக்கக்கூடியது, இரண்டாவது அதைவிட அதிகம். நாப்கின் செலவும் அதோடு இறங்கும்.

45-ஐத் தாண்டிச் சுழற்சி தாறுமாறாகத் தொடங்கியவர்கள் சலுகையைப் பார்த்து ஒரு வருடத்துக்கு வாங்கிக் குவிக்கவேண்டாம். கையில் உள்ள கப்பும் நாலைந்து துணி நாப்கினும் போதும், எப்போது வந்தாலும் தயாராக இருக்கும். தொடர்ந்து 12 மாதம் வராவிட்டால் நின்றுவிட்டது என்று பொருள். அதற்குப் பிறகு ஒரு சொட்டு பட்டாலும் பழைய நாப்கினைத் தேடாமல் மருத்துவரைப் பார்க்கவேண்டும்.