ரிங்கர் ரிப்பேர் வாரன்டில: உள்ள வேலை அருமை, கவுன்டர் தான் தலைவலி

என் போன்ல ரிங் சத்தம் சரியா வரல, சர்வீஸ் சென்டர்ல குடுத்து வாரன்டில சரி பண்ணேன், அந்த அனுபவம் தான் இது. மார்க்க முதல்லயே சொல்லிடறேன். ரிப்பேருக்கு 5க்கு 4, கவுன்டர்ல பேசின பேச்சுக்கு 5க்கு 2, அதுவும் உள்ள ரிப்பேர் பண்ண டெக்னீஷியன் மூஞ்சிக்காக. கம்பெனி பேரு போடல.

பிரச்சன என்னன்னா போன் வந்தா வைப்ரேட் ஆகுது, ஸ்க்ரீன்ல பேரு தெரியுது, சத்தம் மட்டும் வராது. சில நேரம் வரும், தொண்ட கட்டின மாதிரி கரகரன்னு ஒரு ரெண்டு செகண்ட் கத்திட்டு அப்படியே அடங்கிடும். காதுல வச்சு பேசினா மட்டும் எல்லாம் க்ளியரா கேக்குது. இது நெறைய பேருக்கு குழப்பம். காதுல கேக்கற இயர்பீஸ் மேல இருக்கு, ரிங்டோன் வர்ற லவுட்ஸ்பீக்கர் பெரும்பாலும் கீழ சார்ஜர் சொருகற இடத்துக்கு பக்கத்துல தனியா இருக்கு, ஒண்ணு நல்லா இருக்குன்னா இன்னொண்ணும் நல்லா இருக்குன்னு அர்த்தம் இல்ல. ஸ்டீரியோ ஸ்பீக்கர்னு சொல்ற போன்ல இயர்பீஸும் சேந்து சத்தம் குடுக்கும், அதனால கீழ் ஸ்பீக்கர் செத்தே போனாலும் லேசா ஒரு சத்தம் வந்துக்கிட்டு இருக்கும், நாமளும் வால்யூம் கம்மின்னு நெனச்சு பட்டன அமுக்கிக்கிட்டே இருப்போம்.

சர்வீஸ் சென்டர் போறதுக்கு முன்னாடி வீட்டுலயே பாக்க வேண்டியத பாத்துட்டு போங்க, இல்லன்னா கவுன்டர்லயே ரெண்டு நிமிஷத்துல திருப்பி அனுப்பிடுவாங்க. ஆண்ட்ராய்டுல ரிங் வால்யூம் வேற, பாட்டு கேக்கற மீடியா வால்யூம் வேற. டூ நாட் டிஸ்டர்ப் ஆன்ல இருக்கா, ப்ளூடூத்ல ஏதாவது பழைய ஹெட்செட் ஒட்டிக்கிட்டு இருக்கா, ரிங்டோனா வச்ச பாட்டு மெமரி கார்டுல இருந்து அழிஞ்சு போச்சா, இதெல்லாம் பாக்கணும். சேஃப் மோடுல போட்டு பாத்தா நாம போட்ட ஆப் எதுவும் வேலை செய்யாது, அதுலயும் கரகரன்னா ஆப் மேல பழி போட முடியாது. ஐபோன் வச்சிருக்கறவங்களுக்கு தனியா ஒண்ணு, ஃபேஸ் ஐடி இருக்கற மாடல்ல நீங்க ஸ்க்ரீன பாத்தவுடனே ரிங் சத்தம் தானா கொறையும், அது ரிப்பேர் இல்ல, செட்டிங்ஸ்ல அட்டென்ஷன் அவேர்னு ஒரு வசதி, ஆஃப் பண்ணா சரியாயிடும். இது தெரியாம ஸ்பீக்கர் மாத்தணும்னு லைன்ல நிக்கற ஆளுங்க நெறைய.

நான் எல்லாம் பாத்துட்டு தான் போனேன். சாம்சங் போன்ல டயல்பேட்ல *#0*# போட்டா ஒரு டெஸ்ட் மெனு வரும், அதுல ஸ்பீக்கர்னு ஒரு பட்டன் இருக்கும், அத அமுக்கினா செட்டிங்ஸ் பிரச்சனையா ஸ்பீக்கர் பிரச்சனையான்னு ஓரளவு தெரிஞ்சிடும். வேற சில பிராண்டுலயும் இந்த மாதிரி டெஸ்ட் இருக்கு, ஆனா எண் மாறும்.

இப்ப கவுன்டர் கதைக்கு வருவோம். டோக்கன் வாங்கி உக்காந்து, கூப்பிட்டாங்க, போன குடுத்தேன், அந்த தம்பி ஒரு பாட்டு போட்டாரு, சத்தம் நல்லா வந்துச்சு. "சவுண்ட் வருதே மேடம்." வரும்பா, எப்பவும் வராது, அது தான் பிரச்சனையே. "அப்ப சாஃப்ட்வேர் தான் மேடம், அப்டேட் பண்ணி ரீசெட் அடிச்சு தரேன்." எத சொன்னாலும் ரீசெட். விட்டு விட்டு வர்ற கோளாறு எல்லாத்துக்கும் இவங்க கிட்ட இந்த ஒரே பதில் தான், ஏன்னா அவங்க முன்னாடி கோளாறு தெரியலன்னா ஜாப் ஷீட்ல, அதாவது என்ன கோளாறுன்னு எழுதற தாள்ல, "நோ ஃபால்ட் ஃபவுண்ட்"னு எழுதிட்டு போன திருப்பி குடுத்துடலாம், அவங்க வேலை முடிஞ்சுது. நல்ல வேளையா சத்தம் வராத நேரத்துல வீட்டுல இன்னொரு போன வச்சு வீடியோ எடுத்து வச்சிருந்தேன், கால் வருது, ஸ்க்ரீன் எரியுது, வால்யூம் பார் ஃபுல்லா இருக்கு, சத்தம் இல்ல. அத காட்டின பிறகு தான் தம்பி பேச்ச மாத்தினாரு. விட்டு விட்டு வர்ற எந்த கோளாறுக்கும் வீடியோ எடுத்துடுங்க, வாயால எவ்வளவு சொன்னாலும் எடுபடாது.

அடுத்தது தண்ணி. சிம் ட்ரேய வெளிய இழுத்து உள்ள டார்ச் அடிச்சு பாத்தாரு. பல போன்ல உள்ள ஒரு சின்ன ஸ்டிக்கர் இருக்கும், வெள்ளையா இருக்கும், தண்ணி பட்டா செவப்பாயிடும். செவந்திருந்தா வாரன்டி பேச்சே கெடையாது. ஐபி68 (தூசி, தண்ணி தாங்கும்னு குடுக்கற ரேட்டிங்) போட்ட போன் தானே, தண்ணில போட்டா என்னன்னு கேக்கறவங்களுக்கு, அந்த ரேட்டிங் வேற வாரன்டி வேற, பெரும்பாலான கம்பெனிங்க தண்ணி பட்டு கெட்டத வாரன்டில எடுக்கறதே இல்ல, விளம்பரத்துல தண்ணிக்குள்ள போட்டு காட்டினாலும் வாரன்டி தாள்ல வேற மாதிரி எழுதியிருக்கும். என் ஸ்டிக்கர் வெள்ள தான். அத அவர் முன்னாடியே போட்டோ எடுத்துக்கிட்டேன், அவருக்கு அது பிடிக்கல, முகத்துலயே தெரிஞ்சுது, பரவால்ல.

ஜாப் ஷீட்ட வாங்கி வாசிச்சா "ஆடியோ இஷ்யூ"ன்னு மட்டும் எழுதியிருக்கு. இது ரொம்ப மோசம். உள்ள போற டெக்னீஷியனுக்கு நாம சொன்ன எதுவும் தெரியாது, அந்த ஷீட் தான் தெரியும், ஆடியோ இஷ்யூன்னா மைக்கா இயர்பீஸா ஹெட்செட்டா ஒண்ணும் புரியாது. அதனால உக்காந்து எழுத வச்சேன்: ரிங்டோனும் லவுட்ஸ்பீக்கரும் விட்டு விட்டு வேலை செய்யுது, கரகரன்னு வருது, இயர்பீஸ் சரியா இருக்கு, கீழ் ஓரத்த அமுக்கினா சத்தம் வருது. இந்த கடைசி லைன் தான் ரொம்ப உபயோகமா இருந்துச்சுன்னு பிறகு தெரிஞ்சுது. கூடவே ஐஎம்இஐ எண்ண, அதாவது ஒவ்வொரு போனுக்கும் இருக்கற அடையாள எண்ண, சரி பாத்துக்கோங்க, *#06# போட்டா 15 இலக்கத்துல வரும், ஷீட்ல ஒரு எண் மாறியிருந்தா கூட திரும்ப வாங்கும்போது தகராறு. ஸ்க்ரீன்ல கீறல் இல்ல, பாடில அடி இல்லன்னும் எழுத சொன்னேன், பின்னாடி கீறலோட வந்தா யார கேக்கறது.

டேட்டா போனா நாங்க பொறுப்பில்லன்னு ஒரு கையெழுத்து கேப்பாங்க, அது எல்லா எடத்துலயும் இருக்கு. ஸ்பீக்கர் மாத்தறதுக்கு டேட்டாவ அழிக்க வேண்டிய அவசியமே இல்ல, ஆனா பேக்கப் எடுக்காம குடுக்காதீங்க. எனக்கு கோவம் வந்தது லாக் பாஸ்வேர்ட பேப்பர்ல எழுதி ஒட்டுங்கன்னு கேட்டதுக்கு. சாம்சங் 2022லயே மெயின்டனன்ஸ் மோடுன்னு ஒண்ணு கொண்டு வந்தாங்க, கூகுள் பிக்சல்ல 2023 டிசம்பர்ல ரிப்பேர் மோடு வந்துச்சு, ஆன் பண்ணிட்டா நம்ம போட்டோ மெசேஜ் எதுவும் தெரியாது, டெஸ்ட் பண்ற வேலை மட்டும் நடக்கும். என் போன்லயும் அந்த மாதிரி ஒண்ணு இருந்துச்சு, ஆன் பண்ணி தரேன்னு சொன்னா அந்த தம்பிக்கு அப்படி ஒண்ணு இருக்கறதே தெரியல! தன் கம்பெனி போன்ல இருக்கற வசதிய கஸ்டமர் சொல்லி தெரிஞ்சுக்கறாரு, இதுக்கு தான் 2 மார்க்.

இனி நல்லத சொல்லணும். திரும்ப வாங்க போனப்ப டெக்னீஷியனே வெளிய வந்து பேசினாரு. பெரும்பாலான போன்ல ஸ்பீக்கர் ஒரு மூடின பெட்டி மாதிரி வரும், உள்ள காயில் (கம்பி சுருள்) மேல மெல்லிசா ஒரு சவ்வு, அந்த பெட்டில இருந்து போனோட சர்க்யூட் போர்டுக்கு ஒயரு கெடையாது, சின்ன ஸ்ப்ரிங் காலுங்க போர்ட தொட்டுக்கிட்டு நிக்கும். என் போன்ல அந்த கால் ஒண்ணு சரியா தொடல, அதனால தான் ஓரத்த அமுக்கினா சத்தம் வந்துச்சு, ஷீட்ல அந்த லைன பாத்தவுடனே எங்க தேடணும்னு தெரிஞ்சிடுச்சுன்னாரு. சவ்வும் லேசா கிழிஞ்சிருக்காம், கரகரக்கு காரணம் அது. காயில தனியா சரி பண்ற வேலை கெடையாது, பெட்டியையே மாத்திடுவாங்க, மாத்திட்டாங்க. ஸ்பீக்கர் ஓட்டைய மூடியிருக்கற சின்ன வலைல இருந்த தூசியயும் சுத்தம் பண்ணிட்டாங்க. சுத்தம் பண்றேன்னு நீங்க வீட்டுல ஊசிய விடாதீங்க, வல கிழிஞ்சா அது உங்க தப்புன்னு வாரன்டிய மறுத்துடுவாங்க, மெல்லிசான ப்ரஷ் போதும்.

பின் மூடிய திறந்து மூடினா பழைய ஒட்டு போயிடும், புது ஒட்டு போட்டீங்களான்னு கேட்டேன், போட்டோம்னு சொல்லி ஷீட்லயும் எழுதி குடுத்தாரு. இருந்தாலும் இனிமே இந்த போன தண்ணி பக்கம் கொண்டு போற எண்ணம் எனக்கு இல்ல.

அங்கயே நின்னு டெஸ்ட் பண்ணி பாத்துட்டு தான் கையெழுத்து போட்டேன். இன்னொரு போன்ல இருந்து கால் போட்டு ரிங் ஃபுல்லா கேட்டேன், ஸ்பீக்கர்ல போட்டு பேசினேன், வாய்ஸ் ரெக்கார்ட் பண்ணி கேட்டேன் ஏன்னா கீழ் மைக்கும் அந்த ஏரியாவுல தான் இருக்கு, சார்ஜர் சொருகி பாத்தேன், சிம் ட்ரே சரியா உக்காருதான்னும் பாத்தேன். பின்னாடி லைன்ல இருந்தவர் முறைச்சாரு, முறைக்கட்டும். இப்ப வரைக்கும் சத்தம் நல்லா வருது, புது ஸ்பீக்கர் பழசோட சத்தத்த விட கொஞ்சம் கூர்மையா இருக்கற மாதிரி தோணுது, அது என் காதாவும் இருக்கலாம்.

மாத்தின பார்ட்டுக்கு எத்தன நாள் வாரன்டின்னு கேட்டு ஷீட்ல எழுதி வாங்குங்க, கம்பெனிக்கு கம்பெனி மாறும், போனோட வாரன்டி முடிஞ்ச பிறகும் சில நேரம் அது மட்டும் தனியா ஓடும். பழைய ஸ்பீக்கர காட்டுங்க, எடுத்துக்கிட்டு போறேன்னு கேட்டேன், காட்டினாங்க, குடுக்கல. வாரன்டில மாத்தின பழைய பார்ட் கம்பெனிக்கே திரும்ப போகணுமாம்.