"பையன்களுக்கு பாலே இலவசம்" என்பார்கள்: கையெழுத்துப் போடுமுன் இதைப் படியுங்கள்

மகனுக்கு பாலே கற்றுக்கொடுக்க இடம் தேடி அலையும் பெற்றோருக்காக இதை எழுதுகிறேன். "ஆண் பிள்ளைகளுக்குக் கட்டணமே கிடையாது, முழு உதவித்தொகை" என்று ஒரு நடனப் பள்ளி சொன்னால் உடனே தலையாட்டிவிடாதீர்கள். பையனை எதற்காகக் கேட்கிறார்கள் என்பதை முதலில் விசாரியுங்கள். எங்களுக்குப் பணமும் போனது, ஆனால் அது பெரிதில்லை. பதினோரு வயதுப் பிள்ளையின் கீழ்முதுகு எலும்பில் கீறல் விழுந்ததைத்தான் இன்னும் தாங்க முடியவில்லை.

பள்ளியின் பெயரை எழுதவில்லை. புகார் விசாரணையில் இருக்கிறது. பெயர் தெரியாவிட்டாலும் அவர்கள் செய்யும் முறை தெரிந்தால் போதும். வேறு பெயரில் வேறு இடத்திலும் இதே முறையில்தான் செய்வார்கள்.

இலவசம் என்று சொல்பவர்கள் எல்லோரும் ஏமாற்றுக்காரர்கள் என்று சொல்ல வரவில்லை. பாலே வகுப்பில் பெண் பிள்ளைகள் நிறைய, பையன்கள் அபூர்வம். அதனால் நேர்மையான பள்ளிகளும் பையன்களுக்குச் சலுகை தருகின்றன. எங்களிடம் பேசியவர்கள் கியூபாவின் பாலே நட்சத்திரம் கார்லோஸ் அகோஸ்டாவின் கதையைத்தான் சொன்னார்கள். ஹவானாவில் லாரி ஓட்டுநரின் மகன், தெருவில் சுற்றிக் கெட்டுப்போகக் கூடாது என்று அப்பா பாலே பள்ளியில் போட்டார், 1990-இல் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் இளம் பாலே கலைஞர்களுக்கு நடக்கும் போட்டியில் தங்கப் பதக்கம், பிறகு லண்டன் ராயல் பாலே. எல்லாம் உண்மைதான். ஆனால் அகோஸ்டாவுக்குக் கிடைத்தது கியூபா அரசின் பள்ளி. வருடக் கணக்கில் முறையாகச் சொல்லிக்கொடுத்தார்கள். அந்தக் கதையைக் காட்டி எங்கள் பையனைச் சேர்த்துக்கொண்டவர்களிடம் ஒரு ஆண் பிள்ளைக்குச் சொல்லித்தர ஒன்றுமே இருக்கவில்லை.

அவனுக்கு நடனம் என்றால் உயிர். காலுறையோடு கூடத்தில் சுற்றிச் சுற்றிப் பழகுவான். விழுந்தாலும் எழுந்து மறுபடியும் சுற்றுவான். நாங்கள் விசாரித்த இடங்களில் சிலர் "பையன்களுக்கு பேட்ச் இல்லை" என்று போனை வைத்துவிட்டார்கள். ஒருவர் மழலை வகுப்பில் உட்கார வைக்கலாம் என்றார். அப்படி வாடிப்போயிருந்த நேரத்தில்தான் இவர்கள் வந்தார்கள். "மேடம், உங்க பையன் எங்க பள்ளிக்கு வர்றதே எங்களுக்குப் பெருமை" என்று அந்தப் பள்ளியிலிருந்து பேசிய அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னபோது யாருக்குத்தான் மனசு இளகாது?

பிறகு அவசரப்படுத்தினார்கள். ரஷ்யாவின் வாகனோவா பள்ளியில் பத்து வயதிலேயே சேர்க்கிறார்கள், உங்கள் பையனுக்கு ஏற்கெனவே வயது தாண்டிவிட்டது, இன்றே சேர்த்தால்தான் உண்டு என்றார்கள். வாகனோவாவில் அந்த வயதில் சேர்ப்பது உண்மை. ஆனால் உலகப் புகழ்பெற்ற பாலே கலைஞர் நூரியேவ் லெனின்கிராடில் இருந்த அதே பள்ளிக்குள் நுழைந்தது 1955-இல், 17 வயதில். அதற்கு முன் உஃபாவில் சின்ன வயதிலிருந்தே ஆடிப் பழகியிருந்தார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பையன்களுக்குக் கொஞ்சம் தாமதமானாலும் வழி இருக்கிறது. இன்றைக்குள் கையெழுத்துப் போடாவிட்டால் எதிர்காலம் போய்விடும் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

ஒப்பந்தத்தில் கட்டணம் என்ற இடத்தில் பூஜ்யம் போட்டிருந்தது. கீழே பொடி எழுத்தில் மற்றதெல்லாம். மூன்று ஆண்டு தொடர்ந்து வர வேண்டும், இடையில் நிறுத்தினால் சேர்ந்த மாதத்திலிருந்து முழுக் கட்டணத்தையும் கட்ட வேண்டும். உடை, போட்டி நுழைவுக் கட்டணம், அரங்க வாடகையில் பங்கு எல்லாம் பெற்றோர் தலையில். ஆண்டு விழா டிக்கெட்டுகளை நாமே விற்றுக் கொடுக்க வேண்டும். பையனின் படத்தையும் வீடியோவையும் விளம்பரத்துக்குக் காலவரையின்றிப் பயன்படுத்தலாம். என் கணவர் ஒவ்வொன்றையும் சுட்டிக் கேட்டார். "சார், அதெல்லாம் சும்மா ஃபார்மாலிட்டி, இதுவரைக்கும் யார்கிட்டயும் கேட்டதே இல்ல" என்றார்கள்.

வகுப்புக்கு வருகிறேன். முதலில் கண்ணில் பட்டது தரை. அடியில் மரச்சட்டம் வைத்து, குதித்தால் கொஞ்சம் அமுங்கிக்கொடுக்கும் தரை நடனத்துக்கு வேண்டும். அங்கே கான்கிரீட்டின் மேல் வினைல் விரித்திருந்தார்கள், பார்க்க அசலாக இருக்கும். காலால் தட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். மாஸ்டர் "ரஷ்யாவில் பயின்றவர்" என்று போர்டில் இருந்தது. அது ஒரு கோடைக்காலக் குறுகிய முகாமில் கலந்துகொண்டதற்கான சான்றிதழ் என்று பிறகுதான் தெரிந்தது.

இசையைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும், ஏனென்றால் வெளியிலிருந்து பார்க்கும் எந்தப் பெற்றோருக்கும் இது புரிந்துவிடும். பையன்களின் பெரிய குதிப்புகளுக்கு இசையை மெதுவாக வாசிப்பார்கள். உயரமாக எழும்பி இறங்க நேரம் பிடிக்கும் அல்லவா? இங்கே பெண் பிள்ளைகளுக்குப் போட்ட அதே ரெக்கார்டிங், அதே வேகம். என் மகன் பாதி உயரத்திலேயே அவசரமாக இறங்கி அடுத்த அடிக்கு ஓடுவான். ஒவ்வொரு வகுப்பிலும் அவன் குதிப்பு சின்னதாகிக்கொண்டே வந்தது. ஆண்கள் காற்றில் முழுச் சுற்றுச் சுற்றி, ஒரு பாதத்தின் முன் மறு பாதத்தை ஒட்டி வைக்கும் ஐந்தாம் நிலையில் இறங்கும் டூர், அதற்கு முன் கற்க வேண்டிய சின்னச் சின்னப் பயிற்சிகள், தோளுக்கும் முதுகுக்கும் வலுவேற்றும் உடற்பயிற்சி, இவற்றில் ஒன்றுகூட நடக்கவில்லை. பிள்ளைகளைத் தவளை மாதிரி குப்புறப் படுக்க வைத்து, இடுப்பின் மேல் கையை ஊன்றி மாஸ்டர் அழுத்துவதையும் பார்த்தேன். பாலேக்கு வேண்டிய அளவு கால் வெளிப்புறம் திரும்புவது இடுப்பு மூட்டின் அமைப்பைப் பொறுத்தது. மேலே ஏறி அழுத்தி யாரும் அதை வாங்க முடியாது. வளரும் பிள்ளைகளை அப்படி அழுத்தும் இடத்தைவிட்டு அன்றே வெளியேறிவிடுங்கள்.

பையன் எதற்காகத் தேவைப்பட்டான் என்பது ஆண்டு விழா ஒத்திகையில்தான் புரிந்தது. மேடையில் ஜோடி நடனம் வேண்டும், அப்போதுதான் டிக்கெட் விற்கும். பள்ளியில் இருந்த ஒரே ஆண் பிள்ளை இவன். இவனைவிட மூத்த, இவனைவிடக் கனமான பெண்களை வரிசையாகத் தூக்கச் சொன்னார்கள். முறையாகத் தூக்குவது எப்படி என்று இப்போது இருக்கும் ஆசிரியர் எங்களுக்குச் செய்து காட்டினார். தூக்கப்படும் பெண் முழங்காலை மடக்கிக் குதிக்க வேண்டும், அதே நொடியில் பையனும் முழங்காலை மடக்கித் தொடையின் பலத்தில் எழ வேண்டும், முதுகு நேராக இருக்க வேண்டும். இருவரின் நேரமும் பொருந்தினால் கனமே தெரியாது. இதற்கான உடல் வலுவை வருடக்கணக்கில் கட்டிய பிறகு, வளரிளம் பருவத்தின் நடுவில்தான் முறையான பள்ளிகளில் ஜோடி நடனம் தொடங்குகிறார்கள். என் பையன் காலை நேராக விறைத்துக்கொண்டு, இடுப்பைப் பின்னால் வளைத்து, வயிற்றை முன்னால் தள்ளித் தூக்கினான். அவனைத் திருத்த யாரும் இல்லை. கை நடுங்கியபோது மாஸ்டர் சொன்னது: "ஆம்பளப் பையன் இதுக்கெல்லாம் அழலாமா? தூக்கத் தூக்கப் பலம் தானா வரும்."

"அம்மா, குனிஞ்சா வலிக்கல, பின்னால வளைஞ்சாதான் குத்துது" என்று ஒரு இரவு சொன்னான். இந்த வார்த்தைகளை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பிள்ளை இதைச் சொன்னால் தைலம் தேய்த்துப் பள்ளிக்கு அனுப்பாதீர்கள். எலும்பு மருத்துவர் ஒற்றைக் காலில் நின்று பின்னால் வளையச் சொல்லிப் பார்த்தார். எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை, எம்.ஆர்.ஐ. எடுத்தபோதுதான் கீழ்முதுகு எலும்பில் அழுத்தத்தால் வந்த கீறல் தெரிந்தது. ஸ்பாண்டிலோலிசிஸ் என்றார். வேகப்பந்து வீச்சாளர்களுக்கும் ஜிம்னாஸ்டிக் செய்யும் பிள்ளைகளுக்கும் வருவது இதுதானாம். மாதக்கணக்கில் ஓய்வு, குதிக்கக் கூடாது, வளையக் கூடாது. நடனமே மூச்சாக இருந்த பிள்ளையைச் சோபாவில் உட்கார வைப்பது எவ்வளவு கொடுமை என்று சொல்லத் தெரியவில்லை.

மருத்துவர் சீட்டோடு போய் நிறுத்திக்கொள்கிறோம் என்றதும் "சும்மா ஃபார்மாலிட்டி" என்ற ஒப்பந்தம் மேசைக்கு வந்தது. எல்லா மாதத்துக்கும் கட்டணம் கேட்டார்கள். லோசான் போட்டிக்குத் தயார் செய்கிறோம் என்று வாங்கிய முன்பணத்தைத் திருப்பித் தரவும் இல்லை. அந்தத் தயாரிப்பே பச்சைப் பொய். 1973-இல் தொடங்கிய அந்தப் போட்டி 15 முதல் 18 வயது வரை உள்ளவர்களுக்கானது. பதினோரு வயதுப் பையனை அடுத்த வருடம் அங்கே எப்படி அனுப்புவார்கள்? அதோடு, வீடியோ எடுத்து நேரடியாக விண்ணப்பிக்கும் போட்டி அது. ராயல் பாலே பள்ளிக்கும் பெற்றோரே நேரடியாக விண்ணப்பிக்கலாம், 11 வயதிலிருந்து எடுக்கிறார்கள். இடையில் ஆள் வைத்துப் பணம் கட்ட வேண்டிய தேவை எங்குமே இல்லை.

அவர்கள் கொடுத்த "சர்வதேச கிரேடு சான்றிதழ்" கதையும் இதேதான். ராயல் அகாடமி ஆஃப் டான்ஸ் (ஆர்.ஏ.டி.) முறையில் தேர்வு என்று வாய்க்கு வாய் சொன்னார்கள். லண்டனில் 1920-இல் தொடங்கிய அந்த அமைப்பின் தேர்வில் மார்க் போடுபவர் வெளியிலிருந்து வரும் தேர்வாளர், சொல்லிக்கொடுத்தவரே மார்க் போட முடியாது. எங்கள் பையனின் சான்றிதழில் மாஸ்டரின் கையெழுத்தும் பள்ளியின் முத்திரையும் மட்டும்தான். அந்த அமைப்பு தன்னிடம் பதிவு செய்த ஆசிரியர்களின் பட்டியலை யாரும் தேடிப் பார்க்கும்படி வைத்திருக்கிறது. மாஸ்டரின் பெயர் அதில் இல்லை. "ஆர்.ஏ.டி. முறையில் சொல்லித் தருகிறோம்" என்று யார் வேண்டுமானாலும் சொல்லலாம், பதிவு பெற்றவர் என்று சொல்வது வேறு. செக்கெட்டி, வாகனோவா என்று எந்த முறையைச் சொன்னாலும் இதையே கேளுங்கள்: நீங்கள் யாரிடம், எத்தனை வருடம் படித்தீர்கள், உங்களைப் பதிவு செய்தது யார்? ஒழுங்கான ஆசிரியர் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார். எங்கள் இப்போதைய ஆசிரியர் நாங்கள் கேட்கும் முன்பே காகிதங்களை எடுத்து வைத்தார்.

அவரும் பெண்தான், அவரிடம் வேறு பையன்கள் அதிகமில்லை. இதைச் சொல்லக் காரணம், ஆண் ஆசிரியர் இருந்தால்தான் பையன் கற்க முடியும் என்று பல பெற்றோர் நினைக்கிறார்கள். தேவையில்லை. பையனுக்கு என்று தனியாக என்ன சொல்லித் தருவீர்கள் என்று கேட்டேன். தயங்காமல் பதில் வந்தது: குதிப்புகளுக்கு இசையை மாற்றிப் போடுவேன், பாடத்திட்டத்தில் பையன்களுக்கு என்று உள்ள பயிற்சிகளைச் செய்ய வைப்பேன், ஜோடி நடனம் இப்போதைக்குக் கிடையாது, பெரியவனானதும் ஆண் ஆசிரியர்கள் நடத்தும் முகாம்களுக்கு அனுப்பச் சொல்வேன். ஒரு முழு வகுப்பை உட்கார்ந்து பார்க்கவும் விட்டார். பழைய இடத்தில் கதவைச் சாத்திவிடுவார்கள், பெற்றோர் பார்த்தால் பிள்ளைகள் கவனம் சிதறுமாம். கட்டணம் உண்டு, பையன் என்பதால் கொஞ்சம் குறைத்துக்கொண்டார், ரசீது தருகிறார்.

மருத்துவர் அனுமதித்த அளவுக்கு மட்டும் அவன் இப்போது கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ப்ளியே (முழங்காலை மடக்குவது), தாந்து (காலை நீட்டுவது) செய்கிறான். குதிக்க இன்னும் நாளாகும்.

பழைய பள்ளியின் விளம்பரத்தில் அவன் படம் இன்னும் இருக்கிறது. ஒரு பெண்ணைத் தலைக்கு மேல் தூக்கிச் சிரித்துக்கொண்டு நிற்பான், மேலே "பையன்களுக்கு முற்றிலும் இலவசம்" என்று எழுதியிருக்கும். எடுக்கச் சொல்லி எழுத்தில் கேட்டோம், ஒப்பந்தத்தின் அந்த வரியைக் காட்டி மறுத்துவிட்டார்கள். புகாரில் இதையும் சேர்த்திருக்கிறோம். இப்படி ஒரு ஒப்பந்தத்தில் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருப்பவர்கள் அதன் நகல், கட்டிய பணத்துக்கான ரசீதுகள், மருத்துவச் சீட்டுகள், பள்ளியிலிருந்து வந்த வாட்ஸ்அப் செய்திகள் எதையும் அழித்துவிடாதீர்கள். எங்களிடம் விசாரணையில் முதலில் கேட்டது அவற்றைத்தான்.