குளோபல் 7500, ஜி650இஆர், ஃபால்கன் 8எக்ஸ்: வேலூர்ப் பக்கத்துப் பயணிக்கு எது ஏற்றது?

ஆம்பூர், ராணிப்பேட்டை தோல் ஏற்றுமதியாளர்கள் நான்கைந்து பேர் சேர்ந்து நெடுந்தூரத் தனி ஜெட் ஒன்றை வாடகைக்கு எடுப்பதாக வைத்துக்கொள்வோம். வேலூரின் அப்துல்லாபுரம் ஓடுதளம் சிறு விமானங்களுக்கானது. ஏற வேண்டியது மீனம்பாக்கத்தில்தான். அங்கிருந்து லண்டன் சுமார் 8,200 கி.மீ., நியூயார்க் சுமார் 13,450 கி.மீ.

முதலில் தூரம். பம்பார்டியரின் குளோபல் 7500 சுமார் 14,260 கி.மீ., கல்ஃப்ஸ்ட்ரீம் ஜி650இஆர் 13,890 கி.மீ., டஸ்ஸோவின் ஃபால்கன் 8எக்ஸ் 11,945 கி.மீ. பறக்கும் என்கின்றன அந்தந்த நிறுவனங்கள். இவை காற்று குறுக்கிடாத கணக்கு. எதிர்காற்று வலுத்தால் ஜி650இஆருக்கு நியூயார்க் இழுபறிதான். ஃபால்கன் நடுவழியில் இறங்கி எரிபொருள் நிரப்பியே ஆக வேண்டும். அமெரிக்க வியாபாரமே பிரதானம் என்றால் குளோபல்தான், யோசிக்கவே வேண்டாம்.

வேகத்தைப் பெரிதுபடுத்துகிறார்கள். முதல் இரண்டும் மாக் 0.85 (ஒலியின் வேகத்தில் 85 சதவீதம்), ஃபால்கன் மாக் 0.80 வேகத்தில் பறந்தால், லண்டன் போய்ச் சேர்வதில் வித்தியாசம் அரைமணி நேரம்தான்.

என்னைக் கேட்டால், முதலில் பார்க்க வேண்டியது கேபின் அழுத்தம். சாதாரணப் பயணி விமானத்தில் உள்ளே காற்றழுத்தம் 8,000 அடி மலையில் இருப்பதுபோல் ஆகலாம். அது ஊட்டியை விட உயரம். தலைபாரமும் சோர்வும் வருவதற்கு அதுவும் ஒரு காரணம். வெளியே 41,000 அடியில் பறக்கும்போது குளோபலுக்குள் 2,900 அடி, ஜி650இஆருக்குள் ஏறத்தாழ 3,000 அடி, ஃபால்கனுக்குள் 3,900 அடி. நம் ஏலகிரி 3,600 அடி. அதாவது முதல் இரண்டில் ஏலகிரி ஊருக்குக் கீழேயும், ஃபால்கனில் சற்று மேலேயும் உட்கார்ந்திருக்கிறீர்கள். பதினைந்து மணி நேரம் பறந்து இறங்கியதும் நேராகப் பேரம் பேசப் போகிறவருக்கு இது சின்ன விஷயமல்ல.

நின்று நடக்க ஜி650இஆர் தாராளம்: உயரம் 1.91 மீட்டர், அகலம் 2.49 மீட்டர். மற்ற இரண்டின் உயரம் 1.88 மீட்டர்; அகலம் குளோபலில் 2.44, ஃபால்கனில் 2.34. ஆனால் நீளத்தில் குளோபல் முந்துகிறது. நான்கு தனிப் பகுதிகள், கடைசியில் கதவடைத்துத் தூங்க நிரந்தரக் கட்டில். அதன் இருக்கையைச் சாய்த்தால் முதுகுப்பகுதி மட்டும் பின்னே போகாமல் அமரும் பகுதியும் சேர்ந்து சரிகிறது. உடல் முன்னே வழுக்குவதில்லை. இடுப்பு வலிக்காரர்களுக்கு இது பெரிய வரம்.

ஃபால்கனைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். ரஃபேல் செய்யும் அதே நிறுவனத்தின் தயாரிப்பு, மூன்று இன்ஜின்கள். நகருக்குள்ளேயே உள்ள லண்டன் சிட்டி விமான நிலையத்தின் குறுகிய ஓடுதளத்தில், வழக்கத்தைவிடக் கூடுதல் சரிவில் இறங்க அனுமதி பெற்றது. ஐரோப்பாவோடு மட்டும் வியாபாரம் செய்பவர், பறக்கப்போகாத தூரத்துக்குப் பணம் கொடுப்பானேன்? அவருக்கு நான் ஃபால்கனைத்தான் சொல்வேன்.